மேப்ரிக்கு வேண்டியிருந்த ஞாயிறு

நாரைகள் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி வரிசையாகப் பதினோரு ஆட்டம் தோற்றிருந்த வாரத்தில், கோர்டெல் மேப்ரிக்காக நான் ஓர் எண்ணை மாற்றினேன்.

அந்த நவம்பரில் எங்கள் ஊரான டொலீடோவில் அணியின் சட்டையை யாரும் வெளியில் போடவில்லை. அரங்குக்கு வந்தவர்கள் மளிகைக்கடைக் காகிதப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒருவர் மடியிலிருந்த கைக்குழந்தைக்கும் சின்னப் பை ஒன்று மாட்டியிருந்தார். அதை டிவியில் மூன்று முறை காட்டினார்கள். காலை வானொலியில் ஒருவன் தினம் ஒரு ஆட்டக்காரருடைய அம்மாவுக்குப் போன் போட்டான். "சின்ன வயசுலயும் உங்க பையன் இப்படித்தானா?" என்று கேட்டான். ஒரு அம்மா அழுதுவிட்டார். அந்தப் பதிவை வாரம் முழுக்கப் போட்டார்கள்.

நான் உடலியக்கவியல் படித்தவள். பயிற்சியின்போது ஆட்டக்காரர்கள் போடும் பனியனில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கும். எவ்வளவு வேகம், எந்தக் காலில் எவ்வளவு அழுத்தம் என்பதெல்லாம் அதில் பதிவாகும். அதைக் கணினியில் இறக்கி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் வைத்து, புதன்கிழமை மாலை தாளை மேலே அனுப்ப வேண்டும். மஞ்சள் என்றால் மருத்துவர் கூப்பிட்டுப் பார்ப்பார். சிவப்பு என்றால் பயிற்சி இல்லை. ஒரே ஒரு சீசனுக்கு என்று என்னை எடுத்திருந்தார்கள். எனக்குப் பேச வராது. அந்த வேலைக்குப் பேச்சு வேண்டியும் இருக்கவில்லை. மார்க் போடுகிறவள் என்பதால் ஆட்டக்காரர்கள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

மேப்ரி அக்டோபர் கடைசியில் எங்களிடம் வந்தார். வயது இருபத்தேழு. அதற்குள் நான்கு கிளப்புகள் அவரை நீக்கியிருந்தன. நம் ஆள் உதைத்த பந்தை எதிரணியில் ஒருவன் பிடிப்பான். பாதி மைதானம் ஓடிப்போய் அவன்மேல் மோதி விழவைப்பதுதான் மேப்ரியின் வேலை. ஆட்டத்துக்கு எட்டுப் பத்து தடவை. டிவியில் பெயர்கூடச் சொல்ல மாட்டார்கள்.

அவருக்கு வேண்டியது என்ன என்று அணியில் எல்லோருக்கும் தெரியும். அவரே சொல்லிக்கொண்டிருப்பார். லீக்கில் ஒரு விதி. ஒரு வருஷத்தில் மூன்று ஆட்டத்துக்குப் பட்டியலில் பெயர் இருந்தால் அந்த வருஷம் கணக்கில் சேரும். மூன்று வருஷம் சேர்ந்துவிட்டால், ஆட்டத்தை விட்ட பிறகும் ஐந்து வருஷம் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டு. மேப்ரிக்கு இரண்டு வருஷம் சேர்ந்திருந்தது. மூன்றாவது வருஷத்தில், பதினோராவது ஆட்டத்தையும் சேர்த்து, இரண்டு ஆட்டம் முடிந்திருந்தது. மகள் இமானிக்கு நான்கு வயது, பிறவியிலேயே காது கேட்காது. ஒரு காதுக்கு அறுவை செய்து கருவி பொருத்தியாகிவிட்டது. இன்னொரு காதுக்கு ஜூலையில் நாள் குறித்திருந்தார்கள்.

"இன்னும் ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, டீச்சர்," என்பார், நான் பனியனில் கருவியைச் செருகும்போது. "அதுக்கப்புறம் இந்த நாரைங்க ஏரியில விழுந்து செத்தாலும் எனக்குக் கவலையில்ல."

பதினோராவது ஆட்டம் எங்கள் ஊரில் நடந்தது. நான் மேலே, கண்ணாடி அறையில், பொது மேலாளர் டெல்லிங்கருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது எல்லாம் அவர் கையில். ஆட்டம் முடிய மூன்று நிமிஷம். இரண்டே புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் ஆள் பந்தை உதைத்தார். மேப்ரி ஓடிப்போய் மோதிய மோதலில் எதிராளி கையிலிருந்து பந்து தெறித்தது. எங்கள் ஆள் ஒருவன் அதன்மேல் விழுந்தான். பந்து எங்களுடையதானது. அரங்கில் ஒவ்வொருவராகத் தலையிலிருந்து பையைக் கழற்றினார்கள்.

"யாருய்யா அது?" என்றார் டெல்லிங்கர்.

"மேப்ரி. நாற்பத்தி நாலு," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"இவன் இப்படியே ஆடினா நம்மளை ஜெயிக்க வெச்சுத் தொலைச்சிடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசி இடத்தில் முடிக்கும் அணிதான் அடுத்த வருஷம் கல்லூரிப் பையன்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். டெக்ஸஸில் பந்தெறிகிற பையன் ஒருவன் இருந்தான். அவன் படம் டெல்லிங்கரின் போனில் முகப்பாக இருந்தது. ஒரு வெற்றி கிடைத்தாலும் அவன் கைநழுவிப் போவான்.

பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, வெற்றி. எங்கள் உதைப்பவர், கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் போகிற தூரத்திலிருந்து, கம்பத்தில் அடித்தார். தோற்றோம். டெல்லிங்கர் வேர்க்கடலைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நீளமாக மூச்சு விட்டார். கீழே மேப்ரி மைதானத்தை விட்டு நடந்து போய்க்கொண்டிருந்தார். ரசிகர்கள் பையை மறுபடி மாட்டிக்கொண்டார்கள்.

புதன்கிழமைப் பயிற்சியின் எண்கள் வந்தபோது, மேப்ரியின் இடது காலில் அழுத்தம் இருபத்திரண்டு சதவீதம் குறைந்திருந்தது. கருவியின் பிழை ஆறு சதவீதத்தைத் தாண்டாது. இருபத்திரண்டு பிழை அல்ல.

நான் மஞ்சளைத் தேர்ந்தெடுக்கும்போது அவரே வந்து கதவருகில் நின்றார். என் அறை முன்பு துண்டுகள் அடுக்கி வைத்திருந்த இடம். ஜன்னல் இல்லை.

"டீச்சர், என் மார்க் எப்படி?"

"இடது கால்ல நீங்க வெயிட்டே போடல."

"ஷூ புதுசு."

"பழசு. போன வாரமும் அதான் போட்டிருந்தீங்க."

சிரித்தார். "உன் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது போல. சரி. சுளுக்கு. நாலு நாள்ல போயிடும்."

"டாக்டர் ஒரு தடவை பார்க்கட்டுமே. மஞ்சள்தானே."

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "மஞ்சள்னா என்னன்னு உனக்குத் தெரியாதும்மா. போன கிளப்புல தொடை இழுத்துக்கிச்சுன்னு நானே போய்ச் சொன்னேன். பெரிய யோக்கியன் மாதிரி. மறுநாள் காலையில லாக்கர்ல என் பேர் இல்ல. ரெண்டு வாரச் சம்பளத்தைக் கையில திணிச்சு, போயிட்டு வாப்பான்னுட்டாங்க. எங்க ஆளுங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவான், டாக்டர் ரூம் கதவைத் தட்டினவனுக்கு வெளிக்கதவு திறக்கும்னு. ஒரு ஞாயிறு. அன்னிக்குச் சாயந்திரம் நீ சிவப்பு போடு, கறுப்பு போடு, என்ன எழவை வேணாலும் போடு."

அவர் கெஞ்சவில்லை. நின்றுகொண்டிருந்தார், வலது காலில்.

போன வாரத்து எண்ணை எடுத்து இந்த வாரத்து இடத்தில் ஒட்டினேன். நிறம் தானாகப் பச்சையானது. ஒருவருக்கு நல்லது செய்வது இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

"நீ நல்லா இருப்ப," என்றார்.

சனிக்கிழமை மதியம் வெளியூர் ஆட்டத்துக்குக் கிளம்பினோம். விமான நிலையத்துக்குப் போகும் இரண்டு பேருந்துகள் வாசலில் உறுமிக்கொண்டு நின்றன. எல்லோரும் கோட்டு, டை. நான் முன்வரிசையில் கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"டூபே, உன் பையை எடுத்துக்கிட்டியாடா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"எந்தப் பை?"

"தலையில மாட்டற பை!"

"எங்கம்மா எனக்கு ரெண்டு வாங்கி வெச்சிருக்கா. ஒண்ணு ஞாயித்துக்கிழமைக்கு, ஒண்ணு சர்ச்சுக்கு." டூபே முந்நூற்றுப் பத்து பவுண்டு. அவர் சிரித்தால் இருக்கை ஆடும்.

"மேப்ரி, நாளைக்கு யாரையும் ரொம்ப அடிச்சிடாதேப்பா. தப்பித் தவறி ஜெயிச்சா மேல இருக்கறவங்களுக்கு நெஞ்சு வலி வந்துடும்."

"நாளைக்கு நான் அவனுக்கு முத்தம் குடுத்து உட்கார வைக்கிறேன், போதுமா?" என்றார் மேப்ரி. பேருந்து முழுக்கச் சிரிப்பு.

அப்போது பிரெண்டன் ஏறினான். என் வயதுதான். மேலாளர் அலுவலகத்தில் உதவியாளன். நல்ல மாதிரிப் பேசுவான். நீக்கப்பட்ட ஆளைக் கூப்பிட்டு வருவது அவன் வேலை. ஆட்டக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் சாவுமணி. சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்னோக்கி நின்றுகொண்டே போனது. எல்லோரும் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். டூபே காதில் பாட்டை மாட்டிக்கொண்டார்.

பிரெண்டன் ஒன்பதாவது வரிசையில் நின்றான். "மேப்ரி சார், உங்களை மேல கூப்பிடறாங்க. டேப்லட்டையும் எடுத்துட்டு வந்துடுங்க."

அணியின் ஆட்டத் திட்டங்கள் அந்த டேப்லட்டில்தான் இருக்கும். அதைக் கேட்டால் எல்லாம் முடிந்தது என்று பொருள்.

மேப்ரி எழுந்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வழியில் கால் நீட்டியிருந்தவர்கள் மடக்கிக்கொண்டார்கள். அவர் பெட்டி பேருந்தின் அடிவயிற்றில், எல்லாப் பெட்டிகளுக்கும் அடியில் இருந்தது. ஓட்டுநர் முப்பது பெட்டிகளை இறக்கி அதை எடுத்தார். அத்தனை நேரமும் மேப்ரி டையுடன் பனியில் நின்றிருந்தார்.

வெளியே போகிறவருக்கு உடல் பரிசோதனை கட்டாயம். தலைமை சிகிச்சையாளர் ஹாலிஸ் என்னையும் கூப்பிட்டார், கோப்புகளை எடுத்துக் கொடுக்க. மருத்துவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"எங்கயாவது வலி இருக்கா?"

மேப்ரி போனைப் பார்த்தார். அவருடைய ஏஜெண்ட் அனுப்பியிருந்த செய்தி திரையில் இருந்தது. நானும் பார்த்தேன். *ஒண்ணுமில்லன்னு போடு. ரெண்டு கிளப் விசாரிக்குது.* நீக்கப்பட்டவரை வேறு கிளப் எடுத்துக்கொள்ள இருபத்துநாலு மணி நேரம் உண்டு. காயம் என்று எழுதிவிட்டால் யாரும் தொட மாட்டார்கள்.

"இல்ல சார்."

"மூணு தடவை குதிங்க."

அவர் சாக்ஸோடு தரையில் நின்று குதித்தார். ஒன்று. இரண்டு. இரண்டாவதில் கழுத்து நரம்பு புடைத்தது. நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்து, தெரிந்தும் தெரியாமலும், தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். மூன்றாவதும் குதித்தார். மருத்துவர் கோப்பில் என் தாளைப் பார்த்தார். பச்சை. கையெழுத்துப் போட்டார். மேப்ரியும் போட்டார்.

அவர் போன பிறகு ஹாலிஸ் கதவைப் பார்த்தபடி சொன்னார்: "மடப்பய. அந்தக் காலை வெச்சுக்கிட்டுக் குதிக்கிறான்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பது வருஷமா கால் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? அது சுளுக்கு இல்ல. எலும்பு. வலிக்குதுன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டெல்லிங்கரால அவனை அசைச்சிருக்கவே முடியாது. ஆடும்போது உடைஞ்ச எலும்புக்கு, சீசன் முடியறவரை காயப் பட்டியல்ல பேர் இருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூணாவது வருஷம் சேர்ந்திருக்கும். தொடை இழுக்கிறது வேற, எலும்பு வேற. இதுகூடத் தெரியாம."

"நீங்க ஏன் சொல்லல?"

"நான் யார்கிட்டச் சம்பளம் வாங்கறேன்?" என்றார். "உன் தாள்ல மஞ்சள் இருந்தா நானும் சொல்லியிருப்பேன். அதுல பச்சைன்னு இருந்துச்சே."

மறுநாள் தோற்றோம். மேப்ரியின் இடத்தில் ஓடிய புதுப் பையன் ஒருவரையும் வீழ்த்தவில்லை. டெல்லிங்கர் அவனைத் தட்டிக்கொடுத்தார். மேப்ரியை எந்தக் கிளப்பும் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் சொந்தச் செலவில் எக்ஸ்ரே எடுத்தார். நடுப்பாதத்தில் எலும்பு உடைந்து விலகியிருந்தது. மூன்று குதியில் இன்னும் விலகியிருக்கலாம் என்று அந்த மருத்துவர் எழுதியிருந்தார்.

பதினேழுக்குப் பதினேழும் தோற்றோம். கடைசி ஆட்டம் முடிந்ததும் மேலே கண்ணாடி அறையில் ஷாம்பெய்ன் உடைத்தார்கள். கீழே டூபே ஹெல்மெட்டைக் கழற்றாமலே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மேப்ரி கிளப்பின்மேல் புகார் கொடுத்தார். ஆடும்போது பட்ட காயத்தோடு தன்னை நீக்கியது செல்லாது, சீசன் முழுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று. மார்ச்சில், டெட்ராய்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் விசாரணை. டெல்லிங்கர் என்னைத் தன் காரில் கூட்டிப்போனார்.

"உண்மையைச் சொல்லும்மா, போதும்," என்றார். "நான் எதையும் சொல்லிக்குடுக்க மாட்டேன். உன் புது கான்ட்ராக்ட் என் மேசையில இருக்கு. மூணு வருஷம். அடுத்த வாரம் பேசிக்கலாம்." ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். நான் என்ன சொல்வேன் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

நீள மேசை. தண்ணீர்க் குவளைகள். மேசையின் தலைப்பக்கம் தீர்ப்பு சொல்பவர், வயதான மனிதர். மேப்ரியின் காலில் கனமான பிளாஸ்டிக் பூட்ஸ். அவர் என்னைப் பார்க்கவில்லை. காயத்தை யாரிடமாவது சொன்னீர்களா என்று கிளப்பின் வக்கீல் கேட்டபோது, "யார்கிட்டயும் சொல்லல" என்றார். சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன பொய். என் பெயர் அடிபடாமல் இருக்கத்தான் சொன்னார்.

மேப்ரியின் வக்கீல் ஒரு பெண். கருவியின் மூலப் பதிவைக் கேட்டு வாங்கியிருந்தார். அதை நான் அழித்திருக்கவில்லை.

"கிளப்போட கருவி இருபத்திரண்டு சதவீதம்னு சொல்லுது. கிளப்போட தாள் பச்சைன்னு சொல்லுது," என்று தீர்ப்பாளரிடம் சொன்னார். "நடுவுல ஒரு கை புகுந்திருக்கு. அந்தக் கை கிளப்போட கை. காயம் தெரிஞ்சே மறைச்சு ஆளை நீக்கியிருக்காங்க. அவர் போட்ட கையெழுத்துக்கு அப்புறம் என்ன மதிப்பு?"

தீர்ப்பாளர் தலையை ஆட்டினார். டெல்லிங்கர் காலரைத் தளர்த்தினார்.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "எண்ணை மாத்தினது யாரு?"

"நான்."

"யார் சொல்லி மாத்தினீங்க?"

யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. தவறு என்னுடையதாக இருந்திருக்கும். நான் கிளப்பின் ஆள். ஆகவே கிளப்பினுடையதாகவும் இருந்திருக்கும். மேப்ரிக்கு மூன்றாவது வருஷம் கிடைத்திருக்கும். இந்தத் தொழிலில் எனக்கு இனி இடம் இருந்திருக்காது.

என்றைக்காவது யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று நான்கு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். சொன்னேன்.

"அவர்தான் கேட்டுக்கிட்டார். மேப்ரி."

வக்கீல் கையிலிருந்த பேனா நின்றது. மெல்லத் தன் கட்சிக்காரர் பக்கம் திரும்பினார். மேப்ரி மேசையின் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களே மறைக்கச் சொன்னீங்களா, மிஸ்டர் மேப்ரி?"

"ஆமா சார்."

"கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி யார்கிட்டயும் சொல்லலன்னீங்களே?"

"ஆமா சார்."

அதற்குப் பிறகு நீளவில்லை. மறைத்தவரே மறைப்பைக் காட்டி நியாயம் கேட்க முடியாது என்றார் தீர்ப்பாளர். எழுத்தில் இரண்டு வாரத்தில் வரும் என்றார்.

நான் முதலில் வெளியே வந்தேன். தாழ்வாரத்துச் சோபாவில் மேப்ரியின் மனைவி ரோஷெல், பக்கத்தில் இமானி. குழந்தை ஒரு காதில் மட்டும் இளஞ்சிவப்புக் கருவியோடு வண்ணப் புத்தகத்தில் கோடு தாண்டிக் கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானே டீச்சர்?" ரோஷெல் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த இடத்துலயே மனுஷத்தன்மை உள்ள ஒரே ஆள் நீங்கதான்னு கோர்டெல் சொல்லுவாரு. உள்ள எப்படிப் போகுது? நம்ம வக்கீல் நம்பிக்கையா இருக்காங்க."

எனக்குக் கையை விடுவித்துக்கொள்ளத் தெரியவில்லை. கதவு திறந்து மேப்ரி வந்தார். ரோஷெல் அவர் முகத்தைப் பார்த்தாள். பிடி தானாகத் தளர்ந்தது.

"நான் உண்மையைத்தான்..." என்று தொடங்கினேன்.

"உண்மைதான். யாரு இல்லன்னா?" என்றார். குரல் உயரவில்லை. "நவம்பர்ல நீ உண்மையை எழுதியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். இன்னிக்கு நீ ஒரு பொய் சொல்லியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். ரெண்டையும் எப்படிம்மா இவ்வளவு கரெக்டா மாத்திச் செஞ்ச? உன்னை எடுத்த கிளப் சரியான கிளப்தான்."

ரோஷெல் வண்ணப் பென்சில்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஒன்று சோபாவுக்கு அடியில் உருண்டுவிட்டது. நான் குனிந்தேன்.

"தொடாதீங்க," என்றாள்.

திரும்பும் வழியில் டெல்லிங்கர் ரேடியோவில் பாட்டு வைத்தார். மான்ரோ என்ற ஊரைத் தாண்டியதும் சத்தத்தைக் குறைத்தார்.

"டெக்ஸஸ் பையனுக்கு வலது தோள் கொஞ்சம் சந்தேகமா இருக்குங்கறாங்க. வந்ததும் நீதான் பார்க்கணும்."

"சரி சார்."

"இனிமே நம்பரை எல்லாம் மாத்தாதே." கொஞ்ச தூரம் போனபின் சேர்த்துச் சொன்னார்: "மாத்தறதா இருந்தா என்னைக் கேட்டுட்டு மாத்து."

நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் காரிலிருந்தபடியே பர்கர் வாங்கினார். உனக்கு வெங்காயம் போடச் சொல்லவா என்று கேட்டார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. போடச் சொல்லுங்க என்றேன்.